வேலையை நிறுத்திய பேரழகி

அழகை அளக்க முடியாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தவர்கள் எல்லாரும் இனி வாயை மூடிக்கொள்ளலாம். அளந்தாகிவிட்டது. அறிவியல் முறைப்படி, சாட்சிகள் முன்னிலையில், ஒரு தேர்வுக் குழுவின் நேரடி மேற்பார்வையில், நடுநடுவே டீ குடித்து, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அளந்து முடித்தாகிவிட்டது. மனித குலத்துக்கு இந்த உபகாரத்தைச் செய்தவர் ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி. அவர் படம் எடுக்க வந்தது சினிமாவின் பாக்கியம். அந்தப் படத்தில் நர்சம்மா மாட்டிக்கொண்டது நர்சம்மாவின் பாக்கியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

நர்சம்மா உண்மையான நர்ஸ் அல்ல. சினிமாவிலும் டிவி சீரியலிலும் நர்ஸ் வேடம் போடுகிறவள். எத்தனை படம் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. வெள்ளை உடுப்பு அவள் உடம்பில் அப்படி ஒட்டிப்போனதால், நிஜ ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால்கூட ஜனங்கள் அவளிடம் வந்து, "பெட் எப்பம்மா காலியாகும்?" என்று கேட்பார்கள். அவள் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான வசனம், "டாக்டர் உள்ளே இருக்காரு, நீங்க வெளியே வெயிட் பண்ணுங்க." படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் வேடத்துக்கு 'நர்ஸ்' என்று இருக்கும். சில படங்களில் 'இன்னொரு நர்ஸ்.'

ஆனால் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அவளால் ஒரு ஷாட்டும் திரும்ப எடுக்கப்பட்டதில்லை. ஒருமுறை ஹீரோ அழ வேண்டிய காட்சி. ஹீரோவுக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டார்கள், வரவில்லை. சம்பளத்தை ஞாபகப்படுத்தினார்கள், சிரிப்பு வந்தது. காலையில் ஆரம்பித்தது மதியச் சாப்பாட்டையும் தாண்டி இழுத்தது. அத்தனை நேரமும் பின்னால் நர்சம்மா குளுக்கோஸ் பாட்டிலை ஒரே உயரத்தில், ஒரே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கேமராமேன் கடைசியில் அவளைப் பார்த்துத்தான் கும்பிட்டார். அந்தக் கும்பிடு போதும் என்று பல வருஷம் ஓட்டினாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆசை கிடந்தது. செத்துப்போவதற்குள் பெயருள்ள ஒரு வேடம். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், திரையில் யாராவது அவளைக் கூப்பிட்டால் போதும்.

இனி முதலாளியின் படத்துக்கு வருவோம்.

ஒரு பழைய காவியத்தில் வரும் பேரழகியின் கதை அது. அவளாக நடிக்க யாரைப் போடுவது என்று முடிவு செய்யத்தான் குழு. குழுவில் முதலாளி, டைரக்டர், காவியத்தைக் கரைத்துக் குடித்த ஒரு பேராசிரியர், முதலாளியின் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்த தகுதியால் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆன மைத்துனர். முதல் கூட்டத்திலேயே பேராசிரியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அவ மூக்கு எப்படி, முழி எப்படி, நிறம் என்ன, எதைப் பத்தியும் காவியத்துல ஒரு வார்த்தை கிடையாது."

"அப்புறம் எப்படிங்க பேரழகின்னு சொல்றாங்க?" என்றார் முதலாளி.

"விளைவை வச்சுத்தான். அவ தெருவுல நடந்து போனா. தச்சன் உளியை விட்டான். கொல்லன் துருத்தியை விட்டான். காவல்காரன் கோட்டைக் கதவை விட்டான். எதிரி உள்ள வந்தான். நாடு போச்சு. அவ்வளவுதான் ஆதாரம்."

முதலாளி மேசையைத் தட்டினார். "இது போதுமே! மெத்தையைப் படுத்துப் பாத்துத்தான் வாங்கறான். அது மாதிரி, ஒரு பொண்ணை நடக்க விடுவோம். எவன் எவன் வேலை நிக்குதுன்னு பாப்போம். அதிகமா நிறுத்தறவதான் பேரழகி."

டைரக்டர் இரண்டு கை விரல்களாலும் ஒரு சட்டம் செய்து அதன் வழியாக முதலாளியைப் பார்த்தார். அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார். டீ வந்தாலும் அப்படித்தான். "சார், இது வரலாறு" என்றார்.

முதல் சோதனை முதலாளியின் ஆபீசிலேயே நடந்தது. நாடறிந்த ஒரு நட்சத்திரத்தை வரவழைத்து, கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைப் பிரிவு வரைக்கும் நடக்க விட்டார்கள். குழு கதவோரம் நின்று கவனித்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் தலை சீவிக்கொண்டிருந்தார். ஒருவர் மனைவியோடு போனில் சண்டை. விற்பனைப் பிரிவில் இருவர் சினிமா பேசிக்கொண்டிருந்தார்கள். தரப் பரிசோதனைப் பிரிவு முழுவதும் புது மெத்தைகளின் தரத்தைக் கண்ணை மூடிப் பரிசோதித்துக்கொண்டிருந்தது, ஒருவர் குறட்டையோடு. நட்சத்திரம் நடந்து முடித்தார். எந்த வேலையும் நிற்கவில்லை.

"மாமா, நிக்கணும்னா முதல்ல ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கணுமே" என்றார் மைத்துனர். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். முதலாளி அதைத் தனக்கு எதிரானதாக எடுத்துக்கொண்டு அன்று முழுதும் அவரோடு பேசவில்லை.

அடுத்து இன்னொரு நடிகை, ஒரு வரி அலுவலகம். அங்கே விளைவு தலைகீழாகப் போயிற்று. அந்நிய முகத்தைக் கண்டதும் மேலதிகாரி அனுப்பிய ஆள் என்று நினைத்து, அதுவரை சும்மா இருந்த குமாஸ்தா ஒருவர் சட்டென்று பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். பேரழகி வேலையை நிறுத்த வேண்டியவள். இவரோ வேலையை ஆரம்பித்து வைக்கிறார். அந்த நடிகை உடனடியாக நிராகரிக்கப்பட்டார். பிறகு கட்டடம் கட்டும் இடம். மேஸ்திரி அங்கே வந்த அழகியைக் கட்டடச் சொந்தக்காரர் வீட்டு அம்மா என்று நினைத்து, மணல் ஏன் வரவில்லை, சிமெண்ட் ஏன் வரவில்லை, கம்பி வந்தும் ஏன் பிரயோஜனமில்லை என்று விளக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆக, பேரழகிகளுக்குப் பஞ்சமே இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு ஆண்பிள்ளைதான் கிடைக்கவில்லை. குழு சோர்ந்துபோய் ஆபீஸ் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, டைரக்டர் விரல் சட்டத்தின் வழியாக எதிர்த் தெருவைப் பார்த்தார். அங்கே ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஒரு ஆள் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியோடு, குனிந்த தலை நிமிராமல் ஏதோ செய்துகொண்டிருந்தார்.

"சார்... அந்த ஆள்... வேலை செய்யறான்!"

நால்வரும் ஜன்னலில் முட்டி மோதிப் பார்த்தார்கள். உண்மைதான். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து ரிப்பேர்க்காரருக்கே தெரியாமல் அவர் அழகின் அளவுகோல் ஆனார். நடிகைகள் ஒவ்வொருவராகக் கடைக்குள் அனுப்பப்பட்டார்கள். முதல் நட்சத்திரம் எதிரில் போய் நின்று கூந்தலை ஒதுக்கினார். ரிப்பேர்க்காரர் தலையைத் தூக்காமல், "டிஸ்ப்ளேயா, பேட்டரியா?" என்றார். அடுத்து வந்தவர் பெருமூச்சு விட்டார். "சாயந்திரம் வாங்க." அழகிப் போட்டியில் கிரீடம் வாங்கிய ஒருத்தி வேண்டுமென்றே காதுக் கம்மலை அவர் மேசைமேல் நழுவ விட்டாள். அவர் தடவிப் பார்த்து எடுத்து, "இது என் உருப்படி இல்லீங்க" என்று ஓரமாக வைத்தார். தலை மட்டும் நிமிரவில்லை.

இந்த நிலையில்தான் மைத்துனர் நர்சம்மாவுக்குப் போன் போட்டார்.

"பேரழகியா வர்ற ராணிக்குத் தோழி வேஷம். பக்கத்துல நின்னு விசிறி வீசணும். ஷாட் கொஞ்சம் நீளமாப் போகும்."

"பேசறதுக்கு ஏதாவது இருக்கா சார்?"

"விசிறிக்கு எதுக்கும்மா வசனம்? உங்களுக்குக் கை வலிக்காதுன்னு சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன்."

நர்சம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஆபீஸ் வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். அவள் போன் சார்ஜ் ஏறாமல் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. காத்திருக்கிற நேரத்தில் காட்டிவிடலாம் என்று எதிர்க் கடைக்குப் போனாள். வெயில் வரும் ஜன்னல் பக்கமாக, மேசையை ஒட்டி நின்றாள்.

ரிப்பேர்க்காரரின் கை நின்றது. சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தார். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தலையை நிமிர்த்தி, அவள் முகத்தையே பார்த்தார். அவ்வளவு நேரம் பொடிப் பொடிப் புள்ளிகளைப் பார்த்த கண் ஆனதால் படபடவென்று இமைத்தார். உதடு அசைந்தது.

"அக்கா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க."

நர்சம்மா நகர்ந்தாள். அவர் குனிந்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் எதிர் மாடியிலிருந்து பார்த்தால் குரல் கேட்காது. ஒரு மனிதன் கருவியைக் கீழே வைத்ததும், நிமிர்ந்ததும், இமைகள் துடித்ததும், உதடு நடுங்கியதும்தான் தெரியும். குழு மாடிப்படியில் உருண்டு புரண்டு இறங்கி, தெருவைக் கடந்து, மூச்சு வாங்க வந்து நர்சம்மாவைச் சூழ்ந்துகொண்டது.

"கண்டுபிடிச்சுட்டோம்!" என்றார் முதலாளி.

"என்ன சார் தொலைச்சீங்க?" என்றாள் நர்சம்மா.

விஷயத்தைச் சொன்னார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்மையான பெண் ஆகையால் உடனே சொன்னாள்: "இல்ல சார், நான் வெளிச்சத்தை மறைச்சேன். அதான் நிமிர்ந்தாரு."

பேராசிரியர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வெளிச்சத்தையே மறைத்தவள்! கேட்டீங்களா? காவியத்துலகூட இப்படி ஒரு வரி கிடையாது. எப்பேர்ப்பட்ட அடக்கத்தோட சொல்றாங்க பாருங்க!"

இன்னொரு தடவை விளக்கிச் சொல்லியிருக்கலாம். உரக்கச் சொல்லியிருக்கலாம். ரிப்பேர்க்காரரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். நர்சம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் டைரக்டர் அவளைப் பேரழகியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாயை மூடிக்கொண்டாள். வருஷக்கணக்காகப் பாட்டில் பிடித்த கை ஒருமுறை கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றியது.

வீட்டில் கணவர் டிரைவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

"என்னைப் பாத்தா வேலை நின்னுடுமாம்" என்றாள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எனக்கு நிக்கலியே."

"உங்களுக்கு நிக்கக் கூடாதுங்க. பஸ்ல அத்தனை ஜனம் இருக்கு."

அவர் அவள் பக்கம் திரும்பி, "நீ அழகா இருக்கேன்னு எனக்குத் தெரியும். அதை பிரேக் போட்டுட்டுத்தான் சொல்லணுமா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவர், "சீரியலை விடணும்கறாங்களா?" என்று கேட்டார். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். மாதாமாதம் சோறு போடுவது அந்த சீரியல். "யோசிச்சுக்க. வேலை நிக்கறது நல்ல சேதின்னு சொல்ற ஆளுங்களை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றார். அவள் யோசிக்கத்தான் செய்தாள். யோசித்துவிட்டு சீரியலை விட்டாள். 'நர்ஸ் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க' என்று ஒரே வசனத்தில் சீரியல்காரர்கள் அவளை முடித்துவிட்டார்கள்.

படப்பிடிப்பின் முதல் நாள். நர்சம்மா விடியுமுன் வந்து மேக்கப் போட்டு, கழுத்தை ஒடிக்கிற கிரீடத்தோடு தயாராக உட்கார்ந்தாள். கோட்டைக் கதவு வழியாகப் பேரழகி நடந்து வரும் காட்சி. கோட்டை இருந்தது. கதவைத்தான் காணோம்.

"கதவு எங்கய்யா?" என்றார் முதலாளி, செட் தச்சரிடம்.

தச்சர் பலகைக்கே இன்னும் சொல்லி அனுப்பவில்லை. உளி பையைவிட்டு வெளியே வந்து நெடுநாள் ஆகிறது. அவர் தலையைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார், அப்புறம் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்த நர்சம்மாவைப் பார்த்தார். ஞானம் பிறந்தது.

"அம்மா வந்தாங்க சார். பாத்தேன். கையில இருந்த உளி அப்படியே நின்னு போச்சு."

முதலாளி தச்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா! காவியத்துல சொன்னது சொன்னபடி நடக்குது! நான் போட்ட காசு வீண் போகலை!" அங்கேயே எல்லாரையும் கூட்டி, மைக் வைத்து, முதல் பாதிப்புக்கு ஆளானவர் என்று தச்சரைப் பாராட்டி, டபுள் மெத்தை ஒன்றைப் பரிசளித்தார்.

அதுவரை அந்த யூனிட்டில் இரண்டொருவராவது ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். மெத்தைக்குப் பிறகு நிலைமை சீரடைந்தது. தையல்காரர் பாதிக்கப்பட்டார், பாவாடைக்குக் கொக்கி வைக்கவில்லை. லைட் போடுகிறவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சமையல்காரர் அவள் செட்டுக்குள் நுழைந்ததைக் கேள்விப்பட்ட மாத்திரத்திலேயே உப்புப் போட மறந்தார். படத்தின் பின்பாதியை இன்னும் எழுதாத டைரக்டர், "அந்த முகத்தைப் பாத்தப்புறம் பேனா நகர மாட்டேங்குது சார்" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முன்பாதியையும் அவர் எழுதவில்லை என்பது மைத்துனருக்குத் தெரியும். மைத்துனர் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் படத்துக்கு வேண்டிய குதிரைகளுக்கு அவர்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும், சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் மரத்தடியில் வரிசையாக மெத்தைகளைப் போட்டுப் படுத்துப் பாதிப்பை அனுபவித்தார்கள். செட்டைச் சுற்றிப் பார்க்க வந்த நிருபர்கள், ஆஸ்பத்திரிக் காட்சி எடுக்கிறார்களோ என்று நினைத்தார்கள். பிறகு விவரம் கேட்டு, 'வேலையை நிறுத்தும் அழகி' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

நர்சம்மா ஒருத்தி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தாள். விடியுமுன் வருவாள். கொக்கியைத் தானே தைத்துக்கொண்டாள். வசனமே வராத படத்தில் நடைதான் எல்லாம் என்று, கோட்டைக்குப் பின்னால் போய்க் கிரீடத்தோடு நடந்து நடந்து பழகினாள். கழுத்து வீங்கியது. கேமரா ஒருநாளும் ஓடவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் டைரக்டரிடம் போனாள்.

"சார், நான் வேணா திரைக்குப் பின்னாடி உக்காந்துக்கறேன். முகம் தெரியாது. நீங்க எழுதுங்க."

"திரைக்குப் பின்னாடி இருக்கீங்கங்கற நினைப்பு இருக்கே, அது இன்னும் மோசம்மா."

"சரி, வீட்டுக்குப் போயிடறேன். ஒரு வாரம் வரலை. வேலையை முடிச்சு வைங்க."

போனாள். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் கதவு வைக்காத கோட்டை வாய் திறந்தபடி நிற்கிறது. தச்சர் மெத்தையில் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வராத ஏக்கம்மா. எந்தக் கையால உளியைத் தொடறது?"

இதற்குமேல் என்ன செய்வது என்று நர்சம்மாவுக்குத் தெரியவில்லை. இருந்தால் அழகு நிறுத்துகிறது. இல்லாவிட்டால் ஏக்கம் நிறுத்துகிறது. நடந்து வர ஒரு கதவில்லை.

இந்தப் பொற்காலத்துக்கு முடிவு கட்டியவர் முதலாளியின் மனைவி. மெத்தைக் கம்பெனி அந்த அம்மாள் பெயரில் இருந்தது. ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் செட்டுக்கு வந்து இறங்கினார். கோட்டையைப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார். படுத்திருந்தவர்களில் தன் தம்பியையும் பார்த்தார். புருஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படம் எங்கே?"

நாளைக்குள் பதில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே விசாரணைக் கூட்டம் கூடியது. ஆபீசில் நாற்காலி போதாமல் மெத்தை ஷோரூமில் வைத்தார்கள். குழுவினர் ஆளுக்கொரு மெத்தையில் கனமான முகத்தோடு அமர்ந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதற்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்திருந்தார். நர்சம்மாவுக்கு மட்டும் உட்கார இடம் சொல்லவில்லை. அவள் தலையணை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவளுக்கு அன்று காலையே அடி விழுந்திருந்தது. பழைய சீரியல் மேனேஜருக்குப் போன் செய்து, திரும்ப வரலாமா என்று கேட்டிருந்தாள். அவர் இழுத்தார். "உங்க மேல மரியாதை இருக்கும்மா. ஆனா நீங்க வந்தா வேலை நின்னுடும்னு பேப்பர்லயே வந்துருச்சே. எங்களுக்கு தினம் ஒரு எபிசோடு போகணும். ரிஸ்க் எடுக்க முடியாது." வேறு இரண்டு கம்பெனிக்காரர்களும் இதையே சொன்னார்கள். ஒரு ஷாட்டும் தன்னால் திரும்ப எடுக்கப்பட்டதில்லை என்று இருந்தவள், போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

டைரக்டர் தயாரித்து வந்த அறிக்கையை மைத்துனர் வாசித்தார். "நாங்கள் அனைவரும் உயிரைக் கொடுத்து உழைக்கத் தயாராக இருந்தும், கதாநாயகியின் ஈடு இணையற்ற பேரழகின் காரணமாக, எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டு, படம் நின்றுபோனது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடனும் அளவற்ற பெருமிதத்துடனும்..."

"சார்" என்றாள் நர்சம்மா. "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம். வேலை நின்னது என்னாலன்னு போடாதீங்க. இனிமே எவனும் என்னைக் கூப்பிட மாட்டான்."

"உங்களைப் புகழ்ந்துதானேம்மா எழுதியிருக்கு!" என்றார் டைரக்டர், நிஜமாகவே மனம் புண்பட்டு.

"புகழ வேணாம் சார். நான் நேரத்துக்கு வந்தேன். அதை எழுதுங்க."

"இன்னொரு காவியம்!" என்று பேராசிரியர் முணுமுணுத்தார். அவருக்கு மட்டும் இந்தப் படம் நின்றதில் ஒரு குறையும் இல்லை. தன் ஆராய்ச்சி நிரூபணமான திருப்தியில் மெத்தையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

நர்சம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்களை ஒண்ணு கேக்கணும். அந்தக் காலத்துப் பேரழகி... அவ என்ன சொன்னா? நாடு போனதுக்கப்புறம்?"

"அவ பேசினதா ஒரு வரியும் கிடையாதும்மா."

"கதையை எழுதினது யாரு?"

"அரண்மனையில இருந்தவங்கதான். வேற யாரு?"

நர்சம்மா தலையணை அடுக்கை விட்டு முன்னால் வந்தாள். அப்புறம் நர்ஸ் வேடத்தில் ஒருநாளும் எழும்பாத ஒரு குரல் அவளிடமிருந்து எழும்பியது.

"அப்ப நான் சொல்றேன் கேளுங்க. அந்தத் தச்சன் கதவு செஞ்சிருக்க மாட்டான். கொல்லன் தாழ்ப்பாள் அடிச்சிருக்க மாட்டான். காவல்காரன் தூங்கியிருப்பான். எதிரி நேரா நடந்து உள்ள வந்திருப்பான். மறுநாள் யாரோ வந்து, 'நாடு எங்கே'ன்னு கேட்டிருப்பாங்க. அந்த நேரம் பாத்து, பாவம், ஒருத்தி தெருவுல தன் பாட்டுக்கு நடந்து போயிருக்கா. அவ அழகா இருந்தாளோ இல்லையோ, அது யாருக்குத் தெரியும்? உங்க எல்லாருக்கும் அவசரமா ஒரு பேரழகி தேவைப்பட்டுது. அவ்வளவுதான்."

ஷோரூமில் ஊசி விழுந்தால் கேட்கும்; மெத்தைகளின் நடுவே என்பதால் அதுவும் கேட்டிருக்காது. பேராசிரியரின் ஆட்டம் நின்றது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த அறையிலேயே முதன்முதலாக ஒரு நியாயமான காரியம் செய்தார். "அந்தம்மா சொன்னதையும் அப்படியே குறிப்புல சேருங்க. வீட்டுல காட்டணும். படிங்க பாக்கலாம்."

குறிப்பு எழுதுபவர் எழுந்து நின்றார். நோட்டைப் பார்த்தார். மைத்துனர் வாசித்த அறிக்கைவரை இருந்தது. அதன் கீழே பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அவர் தலையைச் சொறிந்தார். விட்டத்தைப் பார்த்தார். பிறகு நர்சம்மாவைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் சார்" என்றார். "அம்மா பேசறப்ப முகத்தைப் பாத்துட்டேன். கை ஓடலை."